ஐம்பத்தோராவது வயிறு

வட்டக்கச்சி
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பி,

நாங்கள் நல்ல சுகம். அப்பாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாமரம் இந்த முறை பூத்துக் கொட்டியதோடு சரி, காய் பிடிக்கவில்லை.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு வந்து திரும்பும்போது, ஆள் சேர்த்துப் படை கட்டிச் சண்டை பிடிக்கும் வோர்கிராஃப்ட் 3 என்ற கம்பியூட்டர் கேமோடு பழைய லப்டொப்பை விட்டுவிட்டுப் போனாய். "அம்மா, நானும் இரண்டு சிநேகிதரும் இப்படியொரு கேம் செய்யப் பார்க்கிறம். விளையாடிப் பாருங்கோ. எது நல்லாயிருக்கு, எது பிழை எண்டு கணக்கு ரீச்சர் மாதிரி எழுதி அனுப்புங்கோ" என்றாய். பகிடிக்குச் சொன்னாயோ என்னவோ, நான் பகிடியாக எடுக்கவில்லை. மூன்று மாதமாக அக்காவின் சின்னவனிடம் பாடம் கேட்டேன். மவுஸ் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டில் சித்தாலேப பூசும் நிலைக்கு வந்துவிட்டேன். போனில் சொன்னால் நீ "ஓம் ஓம்" என்றபடி வேறெங்கோ டைப் அடித்துக்கொண்டிருப்பாய். அதனால் எழுதுகிறேன். அக்கா படம் எடுத்து அனுப்புவாள்.

இந்த வோர்கிராஃப்ட் 3 வெளிவந்தது 2002 யூலையில் என்று சின்னவன் தேடிச் சொன்னான். யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்ததும் அதே ஆண்டுதான். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. நம் வீட்டில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் நான் கொப்பி திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், உலகத்தின் இன்னொரு பக்கத்தில் பிள்ளைகள் இதை விளையாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். இதைச் செய்தவர்களில் யாரோ ஒருவருக்குக் குடும்பக் கணக்குத் தெரிந்திருக்கிறது. மனிதர் பக்கத்தில் ஒரு பண்ணை கட்டினால் 6 பேருக்குச் சாப்பாடு. வேலைக்காரன் 1 சாப்பிடுவான், வாள்காரன் 2, குதிரைவீரன் 4. அதாவது ஒரு பண்ணைக்கு மூன்று வாள்காரர். இதுவரை எந்தப் பிள்ளையும் போடும் கணக்கு. அதற்கு மேல்தான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 50 வயிறு வரைக்கும் சுரங்கத்தில் இருந்து கொண்டுவரும் 10 பொன்னும் உனக்குத்தான். ஐம்பத்தோராவது வயிறு வந்ததும் 10க்கு 7தான் கைக்கு வரும். 80ஐத் தாண்டினால் 4. 100க்கு மேல் ஆள் சேர்க்கவே முடியாது. ஆனால் கவனித்தாயா, கைக்கு 4 வந்தாலும் சுரங்கத்தில் 10தான் குறைகிறது. பெரிய படை வைத்திருப்பவன், சண்டை பிடிக்காமல் சும்மா நின்றாலும் அழிந்துகொண்டுதான் இருக்கிறான்.

சின்னவனுக்கு இது விளங்கவில்லை. "அம்மம்மா, ஏன் காசு ஏறுதில்லை?" என்று கத்தினான். குளத்துத் தண்ணீரை நம்பிச் செய்யும் சிறுபோக நெல்லை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இரணைமடுக் குளம் நிரம்பினால் 36 அடி. சித்திரை வரும்போது எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தானே இத்தனை ஏக்கர் என்று பிரிக்கிறார்கள்? நமக்குப் பங்கு ஒரு ஏக்கர் வந்தால் ஒரு ஏக்கர்தான் விதைப்போம். பேராசையில் இரண்டு விதைத்தால் கதிர் வரும் நேரம் வாய்க்கால் காய்ந்து இரண்டும் போகும். அவன் உடனே பிடித்துக்கொண்டான். இப்போது 50க்குள் நின்றுகொண்டு என்னை வெல்கிறான். இந்தக் கணக்கை உன் கேமில் விட்டுவிடாதே. பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள், பரவாயில்லை.

இன்னொன்றையும் நானே கண்டுபிடித்தேன், யாரும் சொல்லித் தரவில்லை. சுரங்கத்துக்கு ஐந்து பேர் போதும். ஆறாவது ஆளை அனுப்பினால் அவன் வாசலில் காத்து நிற்கிறான். பள்ளிக்கூடத் தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் நிற்பது போலவே நின்றான். அவனைப் பிடித்து விறகுக்கு அனுப்பினேன்.

விறகு என்றதும் மரம். மனிதர் பக்கத்து ஆட்கள் வெட்டிய மரம் திரும்ப முளைக்காது. அரை மணித்தியாலத்தில் காடு வெளியாகி, அந்த வெளியால் எதிரி உள்ளே வந்துவிடுகிறான். முதல் முறை அப்படித்தான் தோற்றேன். பாலையும் முதிரையும் லொறியில் போவதைப் பார்த்துக்கொண்டு இருக்கும் ஊரில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. ஆனால் நைட் எல்ஃப் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே, அவர்களின் வேலைக்காரர் மின்மினி மாதிரி ஒரு வெளிச்சம். மரத்தைச் சுற்றிச் சுற்றியே விறகு எடுக்கும், மரம் சாகாது. அன்றிலிருந்து நான் அந்தப் பக்கம்தான்.

அவர்களின் கட்டடங்களைப் பற்றி உனக்கு எழுதத்தான் வேண்டும். அவற்றில் பல மரங்கள். வேண்டிய நேரம் வேரைப் பிடுங்கிக்கொண்டு எழும்பி நடக்கின்றன! முதன்முதலில் பார்த்தபோது சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. நடக்கும்போது அவற்றின் காவல் குறைந்துவிடுகிறது, யாரையும் உருவாக்கவும் முடியாது. மெதுவாக, அடி அடியாக, ஒரு வீடு தன்னையே தூக்கிக்கொண்டு போகிறது. 2009 தையில் அப்பா கூரைத் தகரத்தை ஒவ்வொன்றாகக் கழற்றினார், நினைவிருக்கிறதா? யன்னல் நிலையையும் பெயர்த்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். நீ மேலே ஏறி இருந்து தகரம் சரியாமல் பிடித்துக்கொண்டு வந்தாய். விசுவமட்டில் ஒருமுறை, உடையார்கட்டில் ஒருமுறை அதே தகரத்தைப் போட்டோம். ஆணித் துளை ஒவ்வொரு முறையும் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கேயோ இருந்து கேம் செய்தவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். தெரிந்திருக்காது. ஆனால் சரியாகச் செய்திருக்கிறான்.

இனிக் குறைகள். உன் சிநேகிதருக்கும் வாசித்துக் காட்டு.

வேகம் ஒரு குறை. மூளையால் விளையாடும் விளையாட்டு என்கிறாய், பாதிக்குமேல் விரலால்தான் விளையாடுகிறார்கள். நான் யோசித்து முடிக்கும் முன் சின்னவன் மூன்று இடத்தில் அழுத்திவிடுகிறான். ஒருமுறைக்கு 12 பேரைத்தான் சேர்த்துப் பிடிக்க முடியும் என்பதும் எரிச்சல். 42 பிள்ளைகள் இருந்த வகுப்பை ஒரு குரலில் இருத்தியவள் நான். மனிதர் பக்கத்துப் பூசாரிகளின் மருத்துவம் மாதிரி, ஒருமுறை சொல்லிவிட்டால் தாங்களாகவே காயத்தைப் பார்த்துச் செய்யும் ஆட்கள் இன்னும் கூட இருந்தால் என் வயதுக்காரரும் விளையாடலாம்.

நாயகர்களைப் பற்றிச் சின்னவனும் நானும் இன்னும் சண்டை. அவனுக்கு அவர்கள்தான் உயிர். மூன்று பேர் வரை வைக்கலாம், ஒவ்வொருவரும் 10ஆம் நிலை வரை வளரலாம், ஆளுக்கு ஆறு பொருள் சுமக்கலாம். விளையாட்டாகப் பார்த்தால் நல்ல யோசனைதான், யாரைப் பின்தொடர்வது என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் நாயகன் செத்தால் பீடத்தில் பொன் கட்டித் திரும்ப எழுப்பலாம். வாள்காரன் செத்தால் செத்ததுதான். அந்த நாயகன் நிலை ஏறுவதற்காக, வரைபடத்தில் ஆங்காங்கே தங்கள் பாட்டில் இருக்கும் ஆட்களைப் போய் அடிக்க வேண்டும். அவர்கள் யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை. இரவில் படுத்துத் தூங்குகிறார்கள். தூக்கத்தில் போய் அடிப்பதுதான் வசதி என்று சின்னவன் எனக்குப் பாடம் எடுத்தான். "இது அவையின்ர காணியல்லோ?" என்று கேட்டேன். "அம்மம்மா, அது கிரீப்" என்றான். அதற்குமேல் அவனிடம் பதில் இல்லை.

செத்தவர்களை எழுப்பி எலும்புக்கூடாக நடக்க வைக்கும் கூட்டத்தை நான் தொடவில்லை. பிணங்களை ஏற்றிக்கொண்டு போக அவர்களிடம் ஒரு வண்டி வேறு இருக்கிறது. சின்னவனுக்கு அது பெரிய சிரிப்பு. சிரிக்கட்டும், அவன் 2014இல் பிறந்தவன்.

மனிதர் பக்கத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. அழுத்தியதும் சுரங்கத்திலும் காட்டிலும் நிற்கும் வேலைக்காரர் எல்லாரும் ஓடிவந்து ஆயுதம் எடுப்பார்கள். 45 வினாடி. பிறகு தாங்களாகவே பழையபடி வேலைக்காரர் ஆகிவிடுவார்கள். விளையாட்டுக்கு மிக நல்ல உத்தி, என்னை இரண்டு முறை காப்பாற்றியது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த 45 வினாடி முடிந்து, அவன் கோடாலியோடு மரத்தடிக்குத் திரும்பி நடக்கும்போது நான் கையை மவுஸில் இருந்து எடுத்துவிடுகிறேன். உன் வகுப்பில் இருந்த பிள்ளைகளை உனக்குத் தெரியும். நான் எழுதத் தேவையில்லை.

கதைப் பகுதியில் ஆர்த்தஸ் என்ற இளவரசனோடு ஸ்ட்ராத்தோம் என்ற ஊர் வரைக்கும் போனேன். ஊர்ச் சனம் நஞ்சு கலந்த தானியத்தைச் சாப்பிட்டுவிட்டது, எல்லாரும் பிணமாக எழும்பப் போகிறார்கள், அதற்கு முன் கொல்ல வேண்டும் என்கிறான். அவனுக்குப் பாடம் சொன்ன ஊத்தர் மாட்டேன் என்கிறார். ஜெய்னா என்ற பெண்ணும் பார்க்க முடியாது என்று போய்விடுகிறாள். இதுவரை நல்ல கதை, கூத்தில் வருவது போல மூன்று பேரும் மூன்று நியாயத்தோடு நிற்கிறார்கள். ஆனால் அதற்குப் பிறகு திரையில் ஓர் எண்ணிக்கை ஓடத் தொடங்குகிறது. மல்கானிஸ் என்ற அசுரன் 100 பேரைப் பிடிக்கும் முன் நீ 100 பேரைக் கொல்ல வேண்டும். 17க்கு வந்தபோது நான் மூடிவிட்டேன். ஊத்தரோடு போவதற்கு ஒரு பொத்தான் இல்லை, தம்பி. போனவர்களோடு போக முடியாமல், நிற்பவனின் கையாகத்தான் நான் இருக்க வேண்டுமாம். அவன் எப்படிக் கெட்டுப்போனான் என்று காட்டத்தான் அப்படிச் செய்தார்கள் என்று நீ சொல்வாய். இருக்கலாம். எனக்கு வேண்டாம்.

2020இல் இதைப் புதிதாகச் செய்து வெளியிட்டபோது சொன்னதெல்லாம் இல்லை என்று சனம் கோபப்பட, கம்பனி காசு திருப்பிக் கொடுத்ததாகச் சொன்னாயே, அதை நான் பார்க்கவில்லை. பழையதன் படமே எனக்குப் போதும்.

அதோடு வரும் வரைபடம் செய்யும் பெட்டி அருமையான விஷயம். டோட்டா என்று நீ இரவிரவாக விளையாடியதும் இப்படி யாரோ செய்த வரைபடத்தில் தொடங்கியதுதானாமே. நானும் சின்னவனும் இரணைமடுக் குளத்தை வரைந்திருக்கிறோம். அணைக்கட்டு கொஞ்சம் கோணல். வான்கதவு வைக்க வழி தெரியவில்லை, நீ வந்து சொல்லித் தா.

கடைசியாக, நான் கண்ட பெரிய பிழை. ஆட்டம் முடிந்ததும் ஒரு பட்டியல் வருகிறது. எத்தனை பேரை உருவாக்கினாய், எத்தனை பேரைக் கொன்றாய், உன் படை கூடினது எவ்வளவு, எத்தனை பொன் தோண்டினாய். பெரிய படை வைத்ததால் எத்தனை பொன் வீணானது என்று கூட ஒரு நிரல் இருக்கிறது. உன் பக்கத்தில் எத்தனை பேர் செத்தார்கள் என்று நிரல் இல்லை. மூன்று முறை தேடினேன். சின்னவனையும் தேட வைத்தேன்.

அதனால் நான் ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி. உருவாக்கியவர்களில் இருந்து, முடியும்போது நிற்பவர்களைக் கழித்து எழுதுகிறேன். ஓர் ஆட்டத்தில் முதல் வாள்காரன் கடைசி வரைக்கும் நின்றான். அவனை எனக்கு அடையாளம் தெரியும், எப்போதும் கூட்டத்தின் இடப்பக்கம் நிற்பான். அவனுக்குப் பெயர் இல்லை, நாயகர்களுக்குத்தான் பெயர். நான் ஒரு பெயர் வைத்தேன். என்ன பெயர் என்று அக்காவிடம் கேட்காதே, அவளுக்கும் சொல்லவில்லை.

நேற்று வென்றேன். 31 பேர். எழுதி வைத்திருக்கிறேன்.

மோட்டர் போட்டுவிட்டு வந்து இருந்தேன், இப்போது தண்ணீர் மிளகாய்ப் பாத்தியைத் தாண்டியிருக்கும். மருமகளுக்குச் சொல், ஊறுகாய் அடுத்த கிழமை வரும் ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அம்மா