மொனாக்கோவில் கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெயர் தெரியாத உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சென்ற ஏப்ரலில், சுங்குடிப் புடவையும் கையில் குடையுமாக ஒரு வயதான அம்மாவை மெல்ல நடத்திக் கூட்டிப்போன ஆளை உங்களில் யாருக்காவது நினைவிருக்கிறதா? அது நான்தான். அவர் என் அம்மா, வயது 76. பிரான்சின் நீஸ் நகரத்துப் பக்கத்தில் வேலை பார்க்கும் தம்பி மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், "அந்த ராஜா ஊரையும் பார்த்துடணும்டா" என்று பிடிவாதம் பிடித்தார். பிள்ளைக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. எனக்கோ பிரெஞ்சில் 'மெர்சி'யைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

மொனாக்கோ என்ற இந்தக் குட்டி நாடு மொத்தமே சுமார் 2 சதுர கிலோமீட்டர். அரை நாளில் நடந்தே பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். வரைபடத்தில் மேடு தெரியாதே! ரயில் நிலையமே மலையைக் குடைந்து உள்ளே இருக்கிறது. அங்கே திசை தெரியாமல் நின்றவர்களைத் துறைமுகப் பக்க வாசல்வரை கூடவே வந்து விட்டுப்போன சீருடைத் தம்பிக்கு முதல் நன்றி.

வெளியே கார் பந்தயத்துக்காகத் தெருவோரமெல்லாம் இரும்புத் தடுப்பும் பார்வையாளர் மேடையும் எழும்பிக்கொண்டிருந்தன. 1929இலிருந்து ஊர்த் தெருக்களிலேயே நடக்கும் பந்தயம் அது. நடைபாதை எங்கே போய் எங்கே முட்டும் என்றே புரியவில்லை. நாய்க்குட்டியோடு வந்த பெரியவரே, நீங்கள்தான் எங்களைச் சுவரில் இருந்த ஒரு கதவுக்கு இழுத்துப் போனீர்கள். ஏதோ வங்கி என்று நினைத்தேன். லிஃப்ட்! ஊரில் பல இடங்களில் இப்படிப் பொது லிஃப்ட் இருக்கிறது, காசும் கிடையாது என்பது நீங்கள் காட்டிய பிறகுதான் தெரிந்தது. எங்களை மேலே விட்டுவிட்டு நீங்கள் திரும்பக் கீழே போனதைப் பார்த்தேன். உங்கள் வழி அதுவல்ல போல.

துறைமுகத்தை ஒட்டிய லா கோண்டமின் பகுதிச் சந்தையில் அம்மாவின் முழங்கால் மடங்கிவிட்டது. தக்காளிக் கூடையை நகர்த்தி முக்காலி போட்ட கடைக்கார அம்மாவை எப்படி மறக்க? தண்ணீர் கொடுத்ததோடு விடாமல், பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பர்பஜுவானும் வாங்கித் தந்தீர்கள். கீரையும் பாலாடைக் கட்டியும் அடைத்து எண்ணெயில் பொரித்த பலகாரம், நம் சோமாசிக்குத் தங்கச்சி முறை. காசை நீட்டினால் கையைத் தட்டிவிட்டீர்கள். அரண்மனைக்கு ஏறும் சரிவுப் பாதையைக் காட்டி விரலை ஆட்டி, பேருந்து நிறுத்தத்துக்கு நீங்களே கூட்டிப்போனீர்கள். அந்த அரண்மனை, இன்றைய ராஜ குடும்பத்து ஃபிரான்சுவா கிரிமால்டி 1297இல் துறவி வேடம் போட்டு நுழைந்து பிடித்த கோட்டை என்பார்கள். நாங்கள் பேருந்தில் நுழைந்தோம். அம்மா உட்காரும்வரை வண்டியை எடுக்காத ஓட்டுநருக்கும் நன்றி.

11:55 மணிக் காவலர் மாற்றம் அதற்குள் முடிந்திருந்தது. போகட்டும். பேராலயத்தில், மொனாக்கோ இளவரசியான ஹாலிவுட் நடிகை கிரேஸ் கெல்லியின் கல்லறைமுன் அம்மா ரொம்ப நேரம் நின்றார். 1982இல் கிரேஸ் இறந்துபோன கார் விபத்துச் செய்தியைப் பேப்பரில் படித்தது அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. கடல் அருங்காட்சியகத்தில் கேட்காமலே சக்கர நாற்காலி கொண்டுவந்த பெண்ணே, அன்று அவர் வலியை மறந்தது உங்கள் மீன் தொட்டிகளுக்கு முன்னால்தான்.

காசினோ வாசலில் படம் எடுத்துக்கொடுத்த காவலரே, மொனாக்கோ குடிமக்கள் உள்ளே சூதாடச் சட்டம் விடாது என்று நான் சொன்னபோது அம்மா விழுந்து விழுந்து சிரித்தாரே, நீங்களும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தீர்கள். அவர் சொன்னது இதுதான்: "விவரமானவங்கடா!"

இதைத் தம்பி மகள் பிரெஞ்சில் எழுதி அந்தக் காய்கறிக் கடைக்கு எடுத்து வருவாள். கூடவே அம்மா சுட்ட சோமாசி 20 வருகிறது. உள்ளே தேங்காயும் பொட்டுக்கடலையும்தான், கீரை இல்லை. பக்கத்துக் கடைக்கும் கொடுங்கள்.