செயலாளரின் ஆண்டறிக்கை: முதல் அணியின் தாக்குதலும் ஆட்டக்காரர்களின் ஃபார்மும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பயிற்றுநர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிக்கிறார்; இளையோர் அணியைப் பற்றிய குறிப்பை அதன் பொறுப்பாளர் வாசிப்பார். ஆகவே இந்த அறிக்கையை நம் முதல் ரக்பி லீக் அணியின் தாக்குதல் ஆட்டத்துக்கும், அதில் ஒவ்வொருவரின் ஃபார்ம் எப்படி இருந்தது என்பதற்கும் மட்டுமே ஒதுக்கியிருக்கிறேன். ஃபார்மைப் பற்றி எழுத்தில் பதிவு செய்யும்போது பெயர் வேண்டாம், சட்டை எண் போதும் என்று நிர்வாகக் குழு முடிவு செய்திருப்பதால் அவ்வாறே எழுதுகிறேன். எந்த எண் யார் என்பது இந்த அவையில் எல்லோருக்கும் தெரியும்.

முதலில் ஒரு திருத்தம். இடது ஓரத்தில் ஆடும் 5ஆம் எண் விங்கரின் ஃபார்ம் சரிந்ததே நம் ட்ரைகள் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி பெறுவது) குறைந்ததற்கு முதன்மைக் காரணம் என்று சென்ற ஆண்டு அறிக்கையில் எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தை இன்று பொதுக்குழுவின் முன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதைச் சான்றாகக் கொண்டு தேர்வுக் குழு அவரைப் பருவத்தின் தொடக்க ஆட்டங்களில் வெளியே உட்கார வைத்தது; அவருக்குப் பதிலாக இறங்கிய இளைஞரும் அதே மூலையில், அதே விதமாக, பக்கக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டார். ஆள் மாறியும் விளைவு மாறவில்லையென்றால் குறை ஆளிடம் இல்லை என்பது அப்போதே எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உறைத்தது ஒரு தோல்விக்குப் பிந்தைய இரவில்தான். பயிற்றுநரும் நானும் ஆட்டத்தின் ஒளிப்பதிவை வைத்துக்கொண்டு, விங்கர் வெளியே தள்ளப்படும் காட்சியிலிருந்து ஒவ்வொரு பாஸாகப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். விங்கருக்குப் பந்து வரும்போது அவருடைய காலணிக்கும் கோட்டுக்கும் இடையில் ஒரு சாண் இடம்கூட இல்லை. எதிரே இரண்டு பேர். அதற்கு முந்தைய பாஸை, விங்கருக்கு உள்பக்கம் ஆடும் சென்டர் ஓடியபடி வாங்கவில்லை, நின்றபடி வாங்குகிறார். அதற்கும் முன்னால், எல்லோருக்கும் பின்னால் ஆடும் ஃபுல்பேக் விட்ட பாஸ், பாய்ந்து வரும் தடுப்பாளரின் கைக்குத் தப்ப வேண்டுமென்பதால் தலைக்கு மேலே எறியப்படுகிறது. அதற்கும் முன்னால், தாக்குதலை நடத்தும் ஹாஃப்பேக் பந்தைப் பிடித்து நிமிரும்போதே எதிரணி வரிசை மூக்குக்கு நேரே நிற்கிறது. இன்னும் பின்னால் போனால், உருட்டப்படும் பந்தை எடுத்துக் கொடுக்கும் ஹூக்கர் குனிந்து கையை நீட்டியபடி காத்திருக்கிறார். அவருக்கு முன்னால், பந்தோடு மோதி முன்னேறும் முன்வரிசை வீரரான நம் ப்ராப் மூன்று பேருக்கு அடியில் மல்லாந்து கிடக்கிறார், எழ முடியவில்லை. அந்த ட்ரை அங்கேயே செத்துப்போயிருந்தது. விங்கர் செய்ததெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டு மூலைவரை ஓடியதுதான்.

புதிய உறுப்பினர்களுக்காக ஒரு விளக்கம். டேக்கிள் செய்யப்பட்டவர், அதாவது எதிரணியால் பிடித்து வீழ்த்தப்பட்டவர், எழுந்து நின்று பந்தைத் தரையில் வைத்துக் காலால் பின்னோக்கி உருட்டும் ப்ளே-தி-பால் முறை 1906இல், ஓர் அணிக்கு 15 பேர் என்றிருந்தது 13 ஆகக் குறைக்கப்பட்டபோதே வந்தது. பந்தை எத்தனை டேக்கிள் வரை வைத்திருக்கலாம் என்பதற்கு 1966இல்தான் வரம்பு வந்தது. முதலில் 4, பிறகு 1971இல் 6. இன்றைய விதியில், ப்ளே-தி-பாலின்போது உருட்டுபவருக்கு எதிரே நிற்கும் இரண்டு காவலர்களைத் தவிர மற்றத் தடுப்பாளர்கள் அனைவரும் 10 மீட்டர் பின்வாங்கியிருக்க வேண்டும். விழுந்தவர் சட்டென்று எழுந்து பந்தை உருட்டினால் அவர்கள் இன்னும் பின்னோக்கிக் கால் வைத்துக்கொண்டிருப்பார்கள். தாமதித்தால் அவர்கள் அணிவகுத்து, மூச்சு வாங்கி, யாருக்கு யார் என்று பேசி முடித்துவிடுவார்கள். ரக்பி லீகில் தாக்குதல் என்று நாம் சொல்லும் பாஸ்களும் கோணங்களும் உதைகளும் எல்லாமே அந்தச் சில விநாடிகள் யார் பக்கம் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே பலிக்கின்றன.

எனவே பருவத்தின் நடுவில் பயிற்றுநர் பாஸ் பயிற்சியைக் குறைத்து, விழும் பயிற்சியைக் கூட்டினார். இதைக் கேட்டுச் சில மூத்த உறுப்பினர்கள் சிரித்தது எனக்குத் தெரியும். இரண்டு தடுப்பாளர்களின் நடுவிலுள்ள இடைவெளியைக் குறிவைத்து மோதுவது, மோதிய பிறகும் காலை ஓட்டிக்கொண்டே இருப்பது, முதுகு தரையில் படாமல் முழங்கையும் முழங்காலும் முதலில் படும்படி முன்னோக்கி விழுவது, இவ்வளவுதான் பயிற்சி. பயிற்றுநர் பக்கத்தில் நின்று "ஒன்று, இரண்டு, மூன்று" என்று உரக்க எண்ணுவார். மூன்று சொல்லி முடிப்பதற்குள் பந்து ஹூக்கரின் கைக்குப் போயிருக்க வேண்டும். முதல் வாரம் அவர் ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போனார். பருவ முடிவில் பெரும்பாலும் "மூன்று" அவர் வாயிலேயே நின்றுவிட்டது.

இங்கே இரண்டு ப்ராப்களின் ஃபார்மை ஒப்பிட்டாக வேண்டும். 8ஆம் எண் ஆட்டக்காரர் காயத்திலிருந்து மீண்டு வந்து, ஓடிக் கடந்த தூரத்தில் நம் அணியின் முதல் இடத்தைப் பிடித்தார். உறுப்பினர்களின் வாக்கில் சிறந்த முன்வரிசை வீரராகவும் தேர்வானார். அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் நிமிர்ந்தபடி மோதுவதால், தடுப்பாளர்கள் அவரைத் தூக்கிப் பிடித்து நிதானமாகக் கிடத்திவிடுகிறார்கள். அவர் சம்பாதித்த மீட்டர்களை அடுத்த ப்ளே-தி-பாலின் தாமதம் தின்றுவிடுகிறது. 10ஆம் எண் ஆட்டக்காரர் கடந்த தூரம் அதைவிடக் குறைவு; ஆனால் அவர் விழுந்த இடத்திலிருந்து பந்து சூடாக வெளியே வந்தது. நாம் தடுப்பு வரிசையைத் துளைத்துக் கோடு உடைத்த தருணங்களை எடுத்துப் பார்த்தால், அவற்றுக்கு முந்தைய ஓட்டம் பெரும்பாலும் அவருடையதாகவே இருக்கிறது. அவருக்கு எந்தப் பரிசும் கிடைக்கவில்லை. என் தனிப்பட்ட கணிப்பில் இந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் அவரே. இது செயலாளரின் கருத்தாக மட்டும் பதிவாகட்டும்.

பந்து விரைந்து வரத் தொடங்கியதும் முதலில் மலர்ந்தவர் 9ஆம் எண் ஹூக்கர். காவலர்கள் நிலைகொள்வதற்குள் தாமே பந்தை எடுத்துக்கொண்டு பாயும் துணிவு அவருக்கு எப்போதும் உண்டு. பாய்வதற்கு வழிதான் கிடைக்காமல் இருந்தது. ஆனால் முழு 80 நிமிடமும் அவரையே ஆட வைத்ததில் கடைசிக் கட்டத்தில் பாஸ்கள் முழங்காலுக்குக் கீழே வந்தன. 14ஆம் எண்ணை மாற்று ஹூக்கராக இறக்கத் தொடங்கிய பிறகு அந்தக் குறை நீங்கியது. இதை முன்பே செய்திருக்கலாம்.

அடுத்தது நம் இடப்பக்கத் தாக்குதல். ஹாஃப்பேக் பந்தோடு வரிசையை நோக்கி வருவார். 11ஆம் எண் செகண்ட்-ரோ (ப்ராப்களுக்கு அடுத்த வரிசை வீரர்) அவருக்குப் பக்கத்தில் கோணமாக உள்ளே வெட்டி ஓடுவார். அவர் முதுகுக்குப் பின்னால் ஃபுல்பேக் சுற்றி வந்து பந்தை வாங்கி, சென்டருக்கும் விங்கருக்கும் ஓர் ஆளை மிச்சப்படுத்தித் தருவார். உலகம் முழுவதும் ஆடப்படும் அமைப்பு இது. இதில் இரகசியம் எதுவும் இல்லை. இதன் உயிர், முன்னே ஓடுபவருக்குப் பந்து கிடைத்துவிடுமோ என்று தடுப்பாளர் அஞ்சுவதில் இருக்கிறது. நாமோ சென்ற பருவம் முழுவதும் பந்தை அவருடைய முதுகுக்குப் பின்னாலேயே அனுப்பினோம். எதிரணியினர் இதைப் படித்துவிட்டார்கள். 11ஆம் எண் ஓடி வரும்போது அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் எல்லோரும் வெளிப்பக்கம் நகரத் தொடங்கினார்கள். பொய்யாக ஓடுபவர் என்று ஊருக்கே தெரிந்த பிறகு அவர் ஓடி என்ன பயன்?

இதற்கான தீர்வு எளிதாகவே இருந்தது: ஆட்டத்தின் தொடக்கத்திலேயே 11ஆம் எண்ணுக்கு அந்தக் குட்டைப் பாஸை இரண்டு மூன்று முறை கொடுத்துவிடுவது. ஒவ்வொரு முறையும் கோடு உடைய வேண்டியதில்லை. தடுப்பாளரின் தோளில் ஒரு நினைவு பதிந்தால் போதும். அதன் பிறகு அதே ஓட்டம் அவரைக் கால் ஊன்ற வைத்தது, பின்னால் வந்த ஃபுல்பேக்குக்கு இடம் கிடைத்தது. 11ஆம் எண் இந்த ஆண்டு "ஃபார்முக்குத் திரும்பினார்" என்று பலரும் பாராட்டுகிறார்கள். அவர் சென்ற ஆண்டும் இதே கோணத்தில், இதே வேகத்தில்தான் ஓடினார். ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பந்து இல்லாமல் ஓடுபவர் தடுப்பாளர் வரிசையைக் கடந்து போய்விட வேண்டும். வரிசைக்குள் நின்று தடுப்பாளரை மறித்துவிட்டால் நடுவர் பெனால்டி கொடுப்பார். அப்படி நாம் இழந்த ட்ரைகளுக்காக நடுவர்களைக் குறை சொல்லிப் பக்கக் கோட்டில் எழுந்த குரல்களில் என் குரலும் ஒன்று. ஒளிப்பதிவில் பார்த்தால் நடுவர்கள் சொன்னதே சரி.

7ஆம் எண் ஹாஃப்பேக் வலது கைக்காரர். இடப்பக்கம் பாஸ் விடுவது அவருக்கு இயல்பாக வருகிறது என்பதால் அணி முழுவதுமே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. வலப்பக்கத்தில் 2, 3ஆம் எண்கள் பல ஆட்டங்களில் தடுப்பாட்டம் மட்டுமே ஆடிவிட்டுத் திரும்பினார்கள். அகலமான பக்கம் அடைபட்டிருக்கும்போது குறுகிய பக்கத்தைப் பார்ப்பது நம்மிடம் அறவே இல்லாத பழக்கம். ஆஸ்திரேலியாவில் 1997 இறுதிப் போட்டியில் 16-16 என்று சமநிலையில் விநாடிகளே மிச்சமிருந்தபோது, எல்லோரும் டிராப் கோலை (பந்தைத் தரையில் விட்டு, எழும்போது கம்பங்களுக்கு இடையே உதைப்பது) எதிர்பார்த்திருக்க, நியூகாஸில் அணியின் ஆண்ட்ரூ ஜான்ஸ் பந்தைத் தாமே எடுத்துக்கொண்டு குறுகிய பக்கம் ஓடி டேரன் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார். ட்ரை விழுந்தது, மேன்லி அணி தோற்றது. அந்தக் காட்சியைப் பயிற்றுநர் நம் ஹாஃப்பேக்கிடம் எத்தனை முறை போட்டுக் காட்டினார் என்று எனக்குக் கணக்கில்லை. பருவத்தின் பிற்பகுதியில் அவர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பவாவது தொடங்கினார்.

ஹாஃப்பேக்கின் இணையாக ஆடும் 6ஆம் எண் ஸ்டாண்ட்-ஆஃப் காயமடைந்தபோது ஃபுல்பேக்கை அந்த இடத்துக்கு மாற்றினோம். ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டேரன் லாக்யர் 2004இல் பிரிஸ்பேன் அணிக்காக இதே மாற்றத்தைச் செய்து சாதித்ததைச் சுட்டிக்காட்டி இந்த யோசனையை முன்வைத்தவன் நான். லாக்யருக்கு அந்த மாற்றத்துக்குத் தயாராக அவகாசம் இருந்தது. நம்மவருக்கு ஒரு வாரம்தான் கொடுத்தோம். பின்னாலிருந்து முழு மைதானத்தையும் பார்த்துப் பழகியவர் வரிசைக்கு அருகில் திணறினார்; கூடவே சுற்றி வந்து பந்து வாங்கவும் ஆள் இல்லாமல் போனது. ஒரு காயம் இரண்டு இடங்களைக் காலி செய்தது. அவரைப் பழைய இடத்துக்கே திருப்பியதும் அவருடைய ஃபார்மும் திரும்பியது.

ஐந்தாம் டேக்கிளுக்குப் பிறகான உதைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே மூலைக்கு உயரமான உதை என்பதே நம் வழக்கமாக இருந்தது. எதிரணி ஃபுல்பேக் அங்கேயே காத்திருந்து கோட்டுக்கு உள்ளே அந்தரத்தில் பிடித்து 20 மீட்டர் கோட்டிலிருந்து ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார். கம்பத்துக்கு அருகே தரையோடு உருட்டும் கிரப்பர் உதைக்கு மாறிய பின், எதிரணியை ட்ரை பகுதிக்குள்ளேயே மடக்கி, டிராப்-அவுட் வாங்கி (அவர்கள் தம் கோட்டிலிருந்து பந்தை நம்மிடம் உதைத்தாக வேண்டும்), மீண்டும் 6 டேக்கிள் பெறும் வாய்ப்பு கூடியது. ட்ரைக்குப் பிறகு கூடுதல் புள்ளிக்காக உதைக்கும் கன்வர்ஷன் உதைகளில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை.

டேக்கிளில் பிடிபட்ட நிலையிலேயே பந்தை விடும் ஆஃப்லோட் பற்றியும் ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவின் 2005 இறுதிப் போட்டியில் பென்ஜி மார்ஷல் முதுகுப்புறமாகச் சுண்டிவிட்ட பாஸில் பாட் ரிச்சர்ட்ஸ் ட்ரை போட்டதைப் பார்க்காத ஆட்டக்காரர் நம் அணியில் இல்லை. பயிற்சி முடிந்த பிறகு அதைச் செய்து பார்க்காதவரும் இல்லை. பயிற்சியில் செய்வதற்குத் தடை இல்லை. நம் சொந்த 20 மீட்டருக்குள் செய்வதற்கு இந்த ஆண்டு தடை வந்தது, அதற்கான காரணத்தை அரையிறுதியை நேரில் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

5ஆம் எண் விங்கர் பருவத்தின் பிற்பாதியில் அணிக்குத் திரும்பினார். மீண்டும் ஆடிய முதல் ஆட்டத்தில் அவருக்கு வந்த முதல் பந்தை மார்பளவில், ஓடியபடி, எதிரே ஒருவர் மட்டும் நிற்க வாங்கினார். மூலைக்கொடியைத் தொடாமல் பந்தைத் தரையில் வைத்தார். ஆட்டம் முடிந்ததும் நான் அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், பந்து இப்போ சீக்கிரமா வருது" என்று மட்டும் சொன்னார்.

நிர்வாகக் குழுவின் சார்பில் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். ஒன்று, ஆட்டக்காரரின் ஃபார்மை மதிப்பிடும் படிவத்தில் ஓடிய தூரத்தோடு ப்ளே-தி-பாலின் வேகத்தையும் சேர்ப்பது. மற்றொன்று, ஃபார்ம் இல்லை என்ற காரணத்தால் ஒருவரை நீக்குவதற்கு முன், அவருக்குப் பந்து வந்து சேர்ந்த விதத்தைக் குறைந்தது மூன்று பாஸ் பின்னோக்கிச் சென்று தேர்வுக் குழு ஒளிப்பதிவில் பார்த்திருக்க வேண்டும் என்பது. சென்ற ஆண்டு அறிக்கையிலிருந்து இன்று நான் திரும்பப் பெற்ற வாக்கியம் குறிப்பேட்டில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் இந்த ஆண்டின் தேதியிடப்பட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஏற்புக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்