எமரால்டு ஏரியைத் தூர்வாரும் முன் தோட்டத்து மண்ணைத் தடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி அணைகளில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்துவிட்டது, அவற்றைத் தூர்வார வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி எழுகிறது. குந்தா வட்டத்தில் எமரால்டு ஏரிக்கு மேலுள்ள சரிவொன்றில் ஒன்றரை ஏக்கரில் மலைக் காய்கறி பயிரிடுபவன் என்ற முறையில், அந்தக் கோரிக்கையில் விடுபட்டுப் போகும் ஒரு செய்தியைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். ஏரியின் அடியில் படியும் வண்டலில் எங்கள் தோட்டங்களின் மேல்மண்ணும் இருக்கிறது. நாங்கள் விலை கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கிறது. அந்த மண் கீழே இறங்காமல் தடுக்கும் வழி தெரியாதது அல்ல. ஆனால் அதைத் தனியொரு விவசாயியால் செய்து முடிக்க இயலாது என்பதே என் அனுபவம்.

1960-களின் தொடக்கத்தில் கனடா நாட்டின் உதவியுடன் உருவான குந்தா நீர்மின் திட்டத்தின் பகுதியாக, எமரால்டு, அவலாஞ்சி அணைகள் ஒரே நீர்ப்பரப்பாக இணைந்து நிற்கின்றன. இங்கிருந்து சுரங்கவழி இறங்கும் நீர் ஒன்றன்பின் ஒன்றாக மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுப் பில்லூரை அடைந்து, கோவைக்குக் குடிநீராகவும், பவானிசாகர் வழியே ஈரோட்டு வயல்களுக்குப் பாசனமாகவும் போகிறது. போர்த்திமந்து அணையை மேல்நீர்த்தேக்கமாகவும் இந்த ஏரியைக் கீழ்நீர்த்தேக்கமாகவும் கொண்டு 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டமும் கட்டப்பட்டு வருகிறது. இத்தனை பேருக்குப் பயன்படும் ஏரியின் ஆயுள், அதற்கு மேலே கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் விளையும் சரிவுகள் எப்படி உழப்படுகின்றன என்பதைப் பொறுத்திருக்கிறது.

உருளைக்கிழங்கும் கேரட்டும் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அந்த அச்சத்தில்தான் எங்கள் முன்னோர் மேட்டிலிருந்து பள்ளத்தை நோக்கி நேராக, மண்ணை வரிசை வரிசையாக உயர்த்திப் பார் பிடித்தார்கள். இன்றும் பலர் அப்படியே பிடிக்கிறார்கள். மழைநீர் வேகமாக வடிந்துவிடுவது உண்மைதான், ஆனால் மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. கார்போகத்தில் சித்திரையில் நட்ட பயிருக்கு மண் அணைக்கும் வேலையும் பின்னர் கிழங்கு தோண்டும் வேலையும், குந்தா பகுதியில் தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களிலேயே வருவது இன்னொரு கொடுமை. நெல்லை அறுத்தால் வேர் மண்ணைப் பிடித்திருக்கும். கிழங்கு வகையிலோ அறுவடை என்பதே நிலம் முழுவதையும் கிளறிப் போடுவதுதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்தபோது, தோண்டி முடித்து வெறுமையாகக் கிடந்த என் தோட்டத்தின் கீழ்ப்பாதி ஓடையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உதகையில் 1954 முதல் இயங்கிவரும் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் இதற்கு விடையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டறிந்துவிட்டது. 25 விழுக்காடு சரிவில் மேலிருந்து கீழாகப் பார் பிடித்து உருளைக்கிழங்கு பயிரிட்டபோது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 39 டன் மண் அடித்துச் செல்லப்பட்டது. அதே சரிவைப் படித்தளங்களாக வெட்டி, தளத்தை உள்நோக்கிச் சற்றே சாய்த்து, உட்புற ஓரத்தில் வடிகால் அமைத்தபோது அந்த இழப்பு ஒரு டன்னுக்கும் கீழே வந்தது. தண்ணீரும் தேங்காது, மண்ணும் ஓடாது. பிறகு ஏன் எல்லோரும் செய்யவில்லை என்று கேட்கலாம். படித்தளம் வெட்டினால் பயிரிடும் பரப்பில் ஒரு பகுதி குறையும். வெட்டும்போது மேல்மண்ணைத் தனியே எடுத்து வைத்துத் திரும்பப் பரப்பாவிட்டால் அடிமண் வெளியே வந்து முதல் சில போகங்களுக்கு விளைச்சல் விழும். கூலிச் செலவோ சிறு விவசாயியின் ஓராண்டு வருமானத்தை விழுங்கிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இங்கே கணிசமான நிலம் குத்தகையில் இருக்கிறது. ஒரு போகத்துக்கோ ஓராண்டுக்கோ நிலம் பிடித்தவர், அடுத்தவர் அனுபவிக்கப் போகும் தளத்துக்குத் தன் பணத்தைப் போட மாட்டார். அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப் போவதில்லை.

தண்ணீர் பட்டா எல்லையைப் பார்த்து ஓடுவதும் இல்லை. மேல் தோட்டக்காரர் வடிகாலை என் பக்கம் திருப்பிவிட்டால், நான் வெட்டிய தளம் ஒரே மழையில் உடைந்துவிடும். 2019 மழைக்குப் பிறகு எங்கள் ஓடையின் இருபுறமும் உள்ள ஐந்து குடும்பத்தார் ஒன்றாக உட்கார்ந்தோம். பெரிய திட்டம் எதுவும் தீட்டவில்லை. ஐந்து தோட்டத்து நீரும் ஒரே பொது வடிகாலில் இறங்க வேண்டும், வடிகாலின் இரு கரையிலும் மாட்டுக்குத் தீவனமாகும் புல்லை நெருக்கமாக நட வேண்டும், வடிகால் ஓடையைச் சேரும் முன் வண்டல் குழிகளை வெட்ட வேண்டும், ஓடையை ஒட்டி ஆறடி அகலத்துக்கு யாரும் மண்வெட்டி போடக் கூடாது என்று முடிவு செய்தோம். மழைக்காலத்தில் முறை வைத்துக் குழியைத் தூர்வாரி, அந்த மண்ணைக் கூடையில் சுமந்து மேலே கொண்டுபோய்ப் போடுகிறோம். முதல் ஆண்டு அந்தக் கூடைகளைச் சுமந்தபோதுதான், எவ்வளவு மண்ணை இத்தனை காலம் ஏரிக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறோம் என்பது எங்கள் முதுகுக்குத் தெரிந்தது. ஆறடியை விட்டதில் எனக்கு இரண்டு பார் கேரட் போனது. புல்லில் ஒரு கறவை மாட்டின் தீவனச் செலவு பெரும்பாலும் குறைந்தது. நான்காம் ஆண்டில் ஒருவர் தம் நிலத்தைக் குத்தகைக்கு விட, வந்தவர் புல்லைப் பிடுங்கிவிட்டு ஓடைவரை பார் பிடித்தார். அவரோடு பேசிச் சரிசெய்ய இரண்டு போகம் ஆயிற்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

உரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் மண் புளிப்புத்தன்மை மிக்கது. போடும் பாஸ்பரஸ் சத்தில் பெரும்பகுதியை மண் துகள்கள் இறுகப் பற்றிக்கொள்ளும். ஆகவே மண் ஓடினால் பாஸ்பரஸும் அதோடு ஓடுகிறது, தேங்கிய நீரில் பாசியை வளர்ப்பதில் முதன்மையானதும் அந்தச் சத்தே. 2023-இல் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் சமவெளியிலிருந்து லாரியில் வரும் பச்சைக் கோழி எருவைச் சரிவில் கொட்டிவிட்டு, இரசாயனம் போடவில்லை என்று நிம்மதி அடைவதில் பொருளில்லை. அது மூட்டையில் வந்த சத்தா, கோழிப் பண்ணையில் இருந்து வந்த சத்தா என்று ஏரி பிரித்துப் பார்க்காது. எருவை மக்கவைத்துப் போடுவது, மண் பரிசோதனை செய்து அளவோடு போடுவது, கிழங்குக்குப் பின் பட்டாணியோ பீன்ஸோ போட்டு நிலத்தை வெறுமையாக விடாமல் மூடிவைப்பது ஆகியவை சேர்ந்தால்தான் பயன். உருளைக்கிழங்கை விட்டுவிட்டு முட்டைக்கோஸ், பூண்டு, பீன்ஸ் என்று மாற்றிப் பயிரிடுவது, 1961-இல் இம்மலையில் கண்டறியப்பட்டு இன்றும் விலகாத, உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழுவைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறது. மண்ணில் இடும் நஞ்சின் அளவும் அதனால் குறையும்.

கேரட் கழுவும் நீரையும் இங்கே சொல்லியாக வேண்டும். விடியும் முன் நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்கிய கேரட், இயந்திரத்தில் கழுவப்பட்டுப் பளபளப்போடு மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகிறது. சேற்றுநீர் எங்கே போகிறது என்பதை மண்டியில் யாரும் கேட்பதில்லை. ஓடையோரத்தில் கழுவுவதை நிறுத்திச் சாலையோரத்தில் ஒரு பொது இடத்தில் இயந்திரத்தை வைத்து, நீரை இரண்டு மூன்று தொட்டிகளில் தெளியவைத்து விடுவதற்கு ஓரளவு இடமும் பொதுச் செலவும் போதும். உரசிக் கழுவிய கேரட் மண்ணோடு இருக்கும் கேரட்டைவிட விரைவில் வாடிவிடும் என்பது வாங்குவோர் பலருக்குத் தெரியாது போலும். மண் ஒட்டிய கேரட்டுக்கும் அதே விலை கிடைத்தால் பாதிச் சிக்கல் தோட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்விக்கு என் பணிவான பதில், அணையைத் தூர்வார ஒதுக்கப்படும் தொகையின் ஒரு பங்கை மேலே அனுப்புங்கள் என்பதே. அமெரிக்காவின் நியூயார்க் நகரம் 1997-இல் தனது நீர்ப்பிடிப்புப் பகுதி ஊர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டு, மலைப் பண்ணைகளில் ஓடைக்கரைகளையும் எருவையும் சீராகக் கையாள்வதற்குப் பணம் கொடுத்தது. அதனால் மிகப் பெரும் செலவில் வடிகட்டு நிலையம் கட்டும் தேவை தவிர்க்கப்பட்டது. இங்கும் மின்சாரத்தாலும் குடிநீராலும் பாசனத்தாலும் பயன்பெறுவோர் ஓடைவாரியாக அமையும் விவசாயிகள் குழுக்களுக்குப் படித்தளத்துக்கும் தெளிவுத் தொட்டிக்கும் உதவலாம். குத்தகை ஒப்பந்தம் குறைந்தது ஐந்தாண்டுக்கு எழுத்தில் இருந்தால்தான் அந்த உதவி என்று நிபந்தனை வைத்தால், நில உரிமையாளரும் குத்தகைதாரரும் ஒரே மேசைக்கு வருவார்கள். பள்ளத்தாக்குகளில் மிஞ்சியிருக்கும் சதுப்பு நிலங்களை வாய்க்கால் வெட்டி வடித்துப் பாத்தியாக்குவதை மட்டும் எந்த விலைக்கும் அனுமதிக்கக் கூடாது. ஏரிக்கு வரும் வண்டலை இயற்கையே வடிகட்டும் இடங்கள் அவை.

காய்கறிப் பயிரையே தடைசெய்யுங்கள் என்று சிலர் சொல்வது என் காதிலும் விழுகிறது. தேயிலை விலை விழுந்த ஆண்டுகளில் இந்தத் தோட்டங்கள்தான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தன. இலங்கை மலையகத்திலிருந்து தாயகம் திரும்பிய எத்தனையோ குடும்பங்கள் இன்றும் இந்தப் பாத்திகளில் கூலி செய்துதான் பிழைக்கின்றன. ஐம்பது பாகைச் செங்குத்தில் கேரட் போடுவதைத் தடுப்பது வேறு, பயிரையே பிடுங்கச் சொல்வது வேறு.

அடுத்த கார்போக நடவுக்கு முன், தை அல்லது மாசியில், ஏரியில் கலக்கும் ஒவ்வோர் ஓடைக்கும் தோட்டக்காரர்களையும் வேளாண், தோட்டக்கலை அலுவலர்களையும் ஒன்றாகக் கூட்டி, ஓடை ஏரியில் சேரும் இடத்தில் வண்டலை அளக்கும் கோல் ஒன்றை நடும்படி மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் கோலை எங்கள் ஓடையிலேயே நடலாம். கடைசிக் குழிக்குக் கீழே அதற்கு இடம் விட்டு வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மலைக் காய்கறி விவசாயி,
எமரால்டு, குந்தா வட்டம், நீலகிரி மாவட்டம்.