வெர்சாயின் பொலிவுக்கு அப்பால் 1685

ஆசிரியருக்கு வணக்கம்.

பிரான்சு மன்னர் பதினான்காம் லூயியைப் பற்றி எழுதுவோர் வெர்சாய் அரண்மனையின் பொலிவிலேயே நின்றுவிடுவதால், 1685ஆம் ஆண்டு ஓரிரு வரிகளில் கடந்துபோகிறது. பாட்டனார் நான்காம் ஹென்றி 1598இல் நாந்து நகர ஆணையின் வழியாக ஹியூகனாட்டுகள் எனப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு அளித்த வழிபாட்டுரிமையை, அவ்வாண்டு அக்டோபரில் பேரன் லூயி முற்றாக ரத்து செய்தார். போதகர்கள் 15 நாள்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும், மற்றவர்களோ வெளியேறவே கூடாது, மீறும் ஆண்கள் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டும் என்பது எத்தகைய விசித்திரமான சட்டம்! அப்படியிருந்தும் காலப்போக்கில் ஏறத்தாழ 2 லட்சம் பேர் தப்பிச் சென்றனர். பட்டு நெசவாளர்கள் பலர் லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் தறி அமைத்தனர். ஜெர்மானியப் பகுதியான பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளரோ சில வாரங்களுக்குள் போட்ஸ்டாம் ஆணையைப் பிறப்பித்து, வரிச்சலுகை தந்து வரவேற்றார். அகதிகளைத் திரும்ப அழைக்குமாறு பின்னர் வாதிட்டவர், லூயிக்குக் கோட்டைகள் கட்டிக்கொடுத்த வோபான் என்பது குறிப்பிடத்தக்கது.