குளிர்ந்த உடலும் அவசர முடிவும்

அன்புள்ள மகளுக்கு,

நோர்வேயின் ட்ரொம்சோ பல்கலைக்கழக வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நீ வேலை தொடங்கியதை அறிந்து மகிழ்ந்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள் என்ற உரிமையில், குளிரில் விறைத்து இதயம் நின்றவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கண்மணிகள் விரிந்து, தசைகள் மரக்கட்டையாய் இறுகிக் கிடப்பவரைப் பார்த்தால், உயிர் போய்விட்டது என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் ஆழ்ந்து குளிர்ந்த உடலில் இதயம் மிக மெதுவாக, விரலுக்கு எட்டாத அளவுக்கு மெலிதாகத் துடித்துக்கொண்டிருக்கலாம். ஆகவே கழுத்து நாடியில் வைத்த விரலைப் பத்து வினாடியில் எடுத்துவிடாமல் ஒரு நிமிடம் வரை மூச்சையும் நாடியையும் பார்த்து, அறிகுறி எதுவும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்கு. நாடி இருப்பவரையும் கிடையாகவே வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும், ஏனெனில் முரட்டுத்தனமாகப் புரட்டினாலே குளிர்ந்த இதயம் தாளம் தப்பிவிடக்கூடும். (கைகால்களைத் தேய்த்துச் சூடேற்றும் வழக்கத்தையும் விட்டுவிடு, அப்பம்மா இருந்திருந்தால் இதை ஒருபோதும் ஒத்துக்கொண்டிருக்கமாட்டார்.)

குளிர்ந்த உடல் மருந்தைச் சிதைக்காமல் தேக்கிவைப்பதால், உடல் வெப்பம் 30 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்தைக் கொடுக்காமல் பொறுக்கவும், 30க்கும் 35க்கும் இடையில் ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள வழக்கமான இடைவெளியை இரட்டிப்பாக்கவும் 2021ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டல் சொல்கிறது. தாளம் தப்பிய இதயத்துக்குக் கொடுக்கும் மின்னதிர்ச்சி மூன்று தடவை பலிக்காவிட்டால் அதையும் 30 பாகை வரும்வரை நிறுத்திவைத்து, அழுத்துவதை விடாமல், குருதியை வெளியே எடுத்துச் சூடாக்கி ஒட்சிசன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இயந்திரத்துக்கு நோயாளியைக் கொண்டுபோக வேண்டும்.

1999 மே மாதம் நார்விக்குக்கு அருகில் பனிச்சறுக்கின்போது ஓடையின் உறைபனிக்குக் கீழே சிக்கிய இளம் வைத்தியர் அன்னா போகென்ஹோல்ம் 80 நிமிடங்களுக்குப் பிறகே மீட்கப்பட்டார். உங்கள் வைத்தியசாலைக்கு ஹெலிகொப்டரில் வந்தபோது அவருடைய உடல் வெப்பம் 13.7 பாகை. பல மணி நேரப் போராட்டத்தில் இதயம் மீண்டது; பின்னர் அதே வைத்தியசாலையில் கதிரியக்கவியல் வைத்தியராகவும் பணியாற்றினார். பனிக்கடியில் கிடைத்த ஒரு காற்றிடைவெளியில் அவரால் சிறிது நேரம் மூச்சுவிட முடிந்தது. இதயம் நிற்பதற்கு முன்பே மூளை குளிர்ந்துவிட்டது. 18 பாகையில் மூளை, 37 பாகையில் தாங்குவதைவிட ஏறத்தாழ பத்து மடங்கு நேரம் குருதியோட்டமின்றித் தாங்கும் என்பார்கள்.

பனிச்சரிவில் புதைந்து மூச்சு முதலில் நின்று, பிறகு குளிர்ந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் நோயாளியைக் கொண்டுவரும் மீட்புக் குழுவினரிடம், வெப்பத்தோடு சேர்த்து, முகத்துக்கு முன்னால் காற்று இருந்ததா, மூச்சுவழி பனியால் அடைத்திருந்ததா என்பதையும் கேட்டு எழுதிக்கொள். குருதியில் பொட்டாசியத்தின் அளவு (மிகவும் கூடியிருந்தால், குளிருமுன்பே மூச்சு நின்றிருக்கலாம் என்பதற்கான அறிகுறி) வந்ததும், அந்தச் சூடாக்கும் இயந்திரத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று மூத்தவர்கள் பேசும்போது, அந்தக் குறிப்பைத்தான் உன்னிடம் கேட்பார்கள்.

அன்புடன்,
அம்மா