மலைக்கு அந்தப் பக்கம் விற்றால் மட்டும் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

செங்கோட்டையில் நான்கு மிஷின் போட்டு நைட்டி தைத்து விற்கிறேன். வருடம் முழுக்க ஓடினாலும் விற்பனை பன்னிரண்டு லட்சத்தைத் தாண்டாது. சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி நம்பர் தேவையில்லை என்று 2019-லிருந்து சட்டம் இருக்கிறது. ஆனாலும் நான் நம்பர் வைத்திருக்கிறேன். காரணம், கோட்டைவாசல் தாண்டி கேரளாவின் ஆரியங்காவில் இருக்கும் ஒரே ஒரு கடை.

சில வருடங்களுக்கு முன் ஓணத்துக்கு அந்தக் கடைக்காரர், "நானூறு பீஸ் அனுப்புங்க அண்ணாச்சி" என்றார். பீஸ் 180 ரூபாய், மொத்தம் 72,000. சந்தோஷமாகத்தான் இருந்தது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, வரி உள்ள சரக்கை வெளிமாநிலத்துக்கு ஒரு ரூபாய்க்கு விற்றாலும் ஜிஎஸ்டி சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி பதிவு செய்து நம்பர் எடுப்பது கட்டாயம்; 40 லட்சக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது. இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஓசூருக்கு அனுப்பினால் அது உள்மாநில வியாபாரம். மலையின் அந்தப் பக்கம் இறங்கினால் வெளிமாநிலம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் ஆரியங்காவும் ஒரே மாநிலத்தில்தான் இருந்தன. என் தாத்தா அந்தக் காலத்தில் இதே பாதையில் தலைச்சுமையாகத் துணி கொண்டுபோய் விற்றவர்.

சரி, நம்பர் எடுத்தாயிற்று. கேரளா பில்லுக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்று நினைத்தேன். அப்படி இல்லை. நம்பர் வந்த நாளிலிருந்து உள்ளூரில் விற்கும் ஒவ்வொரு நைட்டிக்கும் ஐந்து சதவீதம். பக்கத்துத் தெருவில் நம்பர் இல்லாதவர் 180-க்குக் கொடுக்கிறார், நான் 189 சொல்ல வேண்டும். துணி வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம்தான். தையல்காரப் பெண்களுக்குக் கொடுக்கும் கூலியில் கழிக்க என்ன இருக்கிறது? பாதி நாள் அந்த ஒன்பது ரூபாயை என் கையிலிருந்துதான் கட்டுகிறேன்.

இது போக, கணக்கு எழுதுபவருக்கு மாதம் 700 ரூபாய். போன வருடம் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரத்தில் ஒரு ரிட்டன், அதாவது வரிக்கணக்குத் தாக்கல், முப்பத்தெட்டு நாள் தள்ளிப்போயிற்று. நாளுக்கு 50 வீதம் 1,900 ரூபாய் தாமதக் கட்டணம். 72,000 ரூபாய் சரக்கைத் திருநெல்வேலிக்கு அனுப்பினால் இ-வே பில் (சரக்கு வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் சீட்டு) வேண்டாம், தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை விலக்கு. எல்லையிலுள்ள புளியரை தாண்ட வேண்டுமென்றால் 50,000-க்கு மேல் போனாலே வேண்டும். லோடு ஆட்டோக்காரர் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, ஓடாத இன்டர்நெட்டோடு மல்லுக்கட்டியது தனிக்கதை.

எங்கள் தெரு மிக்சர் கடைக்காரர் பாடு வேறு மாதிரி. அவர் சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார். அந்தத் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பவே கூடாது. கேரளாவில் புனலூரில் ஒரு கல்யாண வீட்டுக்கு நூறு கிலோ கேட்டார்கள், முடியாது என்று சொல்லிவிட்டார். குற்றால சீசனுக்கு வருகிறவர்கள் கடையில் நின்று வாங்கிக்கொண்டு போனால் மட்டும் உள்ளூர் விற்பனை!

நம்பர் இல்லாதவர்களை எல்லை தாண்டி விற்க விட்டால், பெரிய வியாபாரிகள் பினாமி பேரில் பிரித்துப் பிரித்து அனுப்பி வரி ஏய்ப்பார்கள் என்பார்கள். அந்தப் பயம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குச் சேவை செய்பவருக்கு 20 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று 2017 அக்டோபரிலேயே விலக்கு கொடுத்துவிட்டார்கள். கைவினைப் பொருளுக்கும் அதே 20 லட்ச விலக்கு உண்டு. பான் நம்பரும் இ-வே பில்லும் இருந்தால் போதும். அங்கெல்லாம் ஏய்ப்பைத் தடுக்க வழி தெரிந்தவர்களுக்கு நைட்டியில் மட்டும் தெரியவில்லையா? இதே நிபந்தனையோடு மற்ற சரக்குக்கும் 20 லட்சம் வரை விட்டுக்கொடுக்கலாம். எல்லாச் சரக்குக்கும் முடியாதென்றால், பக்கத்து மாநிலத்துக்கு மட்டுமாவது கொடுங்கள். செங்கோட்டை, களியக்காவிளை, கம்பம், கூடலூர் என்று எல்லையோரத்தில் இருக்கும் சிறு கடைக்காரர்களுக்கு அதுவே பெரிய உதவி. தமிழக, கேரள நிதியமைச்சர்கள் இருவரும் ஜிஎஸ்டி கவுன்சிலில் உறுப்பினர்கள்தானே, யாராவது ஒருவர் இதை எடுத்துப் பேசக்கூடாதா?

இந்த ஓணத்துக்கும் ஆரியங்காவிலிருந்து போன் வந்துவிட்டது, முந்நூறு பீஸ். நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா, அவருக்குச் சரி சொல்வதா என்று நானும் என் மனைவியும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தையல்கடைக்காரர்,
செங்கோட்டை