பாவம் பாக்கிறதப் பத்தி மகளுக்கு

மகள்,

நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜ அம்மாவோட ஒருக்கா, தனிய ஒருக்கா கேட்டன். நானும் வொய்ஸ்ல பதில் போட்டா அம்மா குறுக்க வந்து கதைப்பா, சொல்ல வந்தது அயத்துப் போகும், அதால டைப் பண்றன், எழுத்துப் பிழை இரிந்தா திருத்தி வாசி. மலையகத்தில உன்ட அரச கந்தோர்ல அந்தப் பெரியவர் "பாவம் பாத்தா இந்த வேல செய்ய ஏலா தங்கச்சி" எண்டு சொன்னாராம், அது சரியா அப்பா எண்டு கேட்டிருந்தாய்.

சரி தான். பாவம் பாத்தா அந்த வேல செய்ய ஏலா. ஆனா அவர் அதச் சொன்ன காரணம் வேற, நான் சொல்ற காரணம் வேற.

கவுண்டருக்கு வாற சனம் உன்னட்ட ஒண்டும் கடன் கேட்டு வரல்ல. வதிவிடக் கடிதம் அவங்கட, அஸ்வெசும எண்ட அரசாங்க உதவிக் காசுக்குப் போடுற மேன்முறையீடு அவங்கட, செத்த புருஷன்ட மரணச் சான்றிதழ் அந்தப் பொம்புளையிட. இத நீ பாவம் பாத்துக் குடுக்கிறாய் எண்டு வை, மறுகா ஒரு நாளைக்கு உனக்குத் தலையிடி, வந்தவனும் வெத்திலய மெண்டுகொண்டு மரியாத இல்லாமக் கதைக்கான், அண்டைக்கு உனக்குப் பாவம் வராது, அப்ப அவனுக்குக் கடிதமும் இல்லையா? நல்லா அழத் தெரிஞ்சவன் முதல்ல வாங்கிக்கொண்டு போவான், வாய் செத்ததுகள் கதவடியில நிண்டுபோட்டுத் திரும்பிப் போகும். தலை நரைக்கிற மட்டும் ஜி.எஸ். (கிராம சேவகர்) வேல பாத்தவன் சொல்றன், இது கண்ணால கண்டது.

2004 டிசம்பர் 26 உனக்கு எவ்வளவு நினைவிருக்கோ தெரியா, நீ அப்ப நேசரி, ஓடினது மட்டும் நினைவிருக்கும். நாட்டிலயே கூடச் சனம் செத்தது எங்கட அம்பாறை மாவட்டத்தில தான், பத்தாயிரத்துக்கு மேல. அண்டைக்குப் பொழுதுபட முதலே சம்மாந்துறை முஸ்லிம் ஆக்களிட்ட இருந்து சோத்துப் பார்சல் வந்திச்சு, அம்பாறை டவுன்ல இருந்து சிங்களச் சனம் லொறியில பாணும் உடுப்பும் கொண்டு வந்திச்சு, யார் அனுப்பினது யாருக்கு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அந்தக் கிழமை இரக்கத்துக்குக் குறையே இல்ல மகள். கரைச்சல் எல்லாம் மறுகா, லிஸ்ட் எழுதத் தொடங்கினாப் புறகு தான் வந்தது.

முழுசா உடைஞ்ச வீட்டுக்கு 250,000 ரூபா, பாதி உடைஞ்சதுக்கு 100,000. கடல்ல இருந்து 200 மீற்றருக்குள்ள திருப்பிக் கட்டப்படாது எண்டும் ஒரு ஓடர். (தெற்குப் பக்கம் அது 100 மீற்றர். ஏன் எங்களுக்கு மட்டும் 200 எண்டு கூட்டத்தில ஒருத்தர் எழும்பிக் கேட்டார், தேத்தண்ணி குடுத்து இருத்திப் போட்டாங்க.) அந்தக் காசுக்கு நிரப்புற போமில "குடும்பத் தலைவர்" எண்டு ஒரு கட்டம் இரிந்திச்சு. எங்கட பக்கம் வீடு வளவு பொம்புளப் புள்ளைக்குத் தான், மாப்பிள்ள தான் வந்து ஏறுறது எண்டது அந்தப் போம அடிச்ச ஆளுக்குத் தெரிஞ்சிருக்க ஞாயமில்ல. அம்மம்மாட்ட இருந்து அம்மாவுக்கு, அம்மாட்ட இருந்து மகளுக்கு எண்டு வந்த வளவு, கடல் கூட அதக் கொண்டு போகல்ல, இந்த ஒரு கட்டம் கொண்டு போய் புருஷன்ட பேரில ஏத்திப் போட்டுது. புது வீட்டுக் கடதாசியும் அவன்ட பேரில. நல்ல மனிசன் எண்டாப் பறவாயில்ல. குடிகாரன் எண்டா? இன்னொருத்தியோட போயிட்டான் எண்டா அவள் எந்த வீட்டில இரிக்கிற?

நான் அந்தக் கட்டத்தில பொம்புளையளிட பேர எழுதி அனுப்பினன். மேல இருந்து சிவப்புப் பேனையால வெட்டித் திரும்பி வந்திச்சு. திருப்பி எழுதினன், வளவு தாய்வழியில வந்தது எண்டு ஒரு விளக்கக் கடிதமும், இரிந்தவங்கட பழைய உறுதிக் கொப்பியும் வச்சு. சிலது வெட்டுப்பட்டுப் போச்சு, சிலது நிண்டிச்சு. நிண்ட ஒரு வீட்டில இப்ப பேத்தி கல்யாணம் முடிச்சு இரிக்கிறா. அந்த நேரம் நான் ஒருத்தரோடயும் இரிந்து அழல்ல, ஆறுதலும் சொல்லல்ல, எனக்கு அது வராது எண்டு உனக்குத் தெரியும் தானே. கட்டத்தில சரியான பேர எழுதினன், வெட்டினாத் திரும்ப எழுதினன்.

உன்ட மாமி இண்டைக்கும் என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறல்ல, ஏன் எண்டு சின்னனில கேட்பாய். அவட வீட்ட "பாதி உடைஞ்சது" எண்டு எழுதினதுக்குத் தான். பாதி தான் உடைஞ்சது!

இப்ப உன்ட இடத்துக்கு வாறன். லயத்துச் சனத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டில இரிக்கிற ஆக்களுக்கு, தனி விலாசம் இல்ல, கடிதம் எல்லாம் தோட்டக் கந்தோருக்கு வந்து கிடக்கும், மேன்முறையீட்டுத் திகதி முடிஞ்சாப் புறகு தான் கைக்குப் போகும் எண்டு நீயே சொன்னாய். அப்ப பிந்தி வாறதுக்கு அதுகளப் பேசி வேலையில்ல. ஒருக்கா மலையால இறங்கி வந்து போனா ஒரு நாள் பேர், அதான் ஒரு நாள் கூலி, போகுது, கெட்டிக்காரத்தனமா வந்தாலும் அரைப்பேர் போகுது. "நாளைக்கு வாங்க" எண்டு நாங்க சொல்றது எங்கட வாயில லேசா வரும், அங்க அது ஒரு நாள் சம்பளம். என்னென்ன கொண்டு வர வேணும் எண்டு ஒரு துண்டில தமிழ்ல எழுதி முதல் நாளே குடுத்து விடு, போன் நம்பர வாங்கி வை, கடிதம் போட்டா போன்லயும் சொல்லு. தமிழ் போம் இல்ல எண்டு ஆராவது சொன்னா விட்டுக் குடாத, தமிழும் அரச கரும மொழி எண்டு அரசியலமைப்பில 1987லயே வந்திட்டு. அந்தச் சனம் கடதாசியக் கண்டாப் பயப்பிடுது எண்டு சிரிச்சாய், சிரிக்காத. 1948ல பிரஜாவுரிமையப் பறிச்சாங்க, மிச்சம் இரிந்த ஆக்களுக்கும் சேத்துக் குடுக்கிற சட்டம் 2003ல தான் வந்திச்சு. பாட்டனும் பூட்டனும் ஒரு கடதாசி இல்லாம அலைஞ்ச குடும்பத்துப் புள்ளையள் வேற எப்பிடி இரிக்கும்?

மற்றது, உங்கட ஸ்டாப் எல்லாரும் சேந்து உலருணவுப் பொதி குடுத்த போட்டோவப் பேஸ்புக்ல பாத்தன். குடுத்தது நல்லது, நான் குறை சொல்லல்ல. ஆனா பொதிக்கு ஒரு பக்கம் ஐயா புடிக்கார், மறுபக்கம் அந்தக் கிழவி புடிக்கிறா, ரெண்டு பேரும் கமராவப் பாக்காங்க, பின்னால பெனர். 2022ல கேஸ் இல்ல, பால்மா இல்ல எண்டு திரிஞ்ச நேரம் எங்கட ஊரிலயும் இதே கூத்து, ஒரு கிலோ பருப்புக்கு பத்துப் போட்டோ, அந்தப் புள்ளையள் மறுநாள் பள்ளிக்கூடத்தில என்ன சொல்லும்? நீ பின்னுக்கு ஒரு கரையில தலையக் குனிஞ்சு நிண்டாய், அதக் கண்டு சந்தோசப்பட்டன். அடுத்த முறை போட்டோ எடுக்க முதல் அந்தக் கிழவியிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாக்கச் சொல்லு.

மாவடிப்பள்ளி விஷயம் நீ அறிஞ்சது தான், 2024 நவம்பர் வெள்ளத்தில மதரசாப் புள்ளையள ஏத்தி வந்த டிரக்டர் அள்ளுப்பட்டுப் போனது. எங்கட பொடியன்மார், அங்கால முஸ்லிம் பொடியன்மார், நேவி, ஆமி எண்டு எல்லாரும் தண்ணிக்குள்ள இறங்கித் தேடினாங்க. ஊரே அழுதிச்சு. ஆனா மழை கடுமையாப் பேஞ்சா அந்த ரோட்டுக்கு மேலால தண்ணி பாயும் எண்டது இஞ்ச சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விஷயம், தெரிஞ்சும் ஏன் ரோட்டு அப்பிடியே கிடந்திச்சு, யார்ட மேசையில அந்தப் பைல் கிடந்திச்சு, அதக் கேட்டவங்க அழுத ஆக்களில கொஞ்சப் பேர் தான். கேட்டா "இந்த நேரத்தில இதக் கதைக்கிறதா" எண்டு பேச்சு. வேற எந்த நேரத்தில கதைக்கிற? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ல வந்திச்சு, எழுதிக் குடுத்தா 14 வேல நாளுக்குள்ள தருவமா இல்லையா எண்டு சொல்லத் தான் வேணும். உன்னட்ட வாற சனத்துக்கும் அதச் சொல்லிக் குடு. உன்ட கந்தோருக்கு எதிராப் போடுறதெண்டாலும் சொல்லிக் குடு, அதால வாற ஏச்ச வாங்கு. ஏச்சு வாங்கி ஆரும் செத்ததில்ல.

எங்கட ஆக்களுக்குச் செய்யிறது லேசு மகள். கொரோனா நேரம் ஜனாசாவ, செத்த முஸ்லிம் ஆக்கள்ட உடல, எரிச்சாங்களே, புதைக்கலாம் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லியும், நிலத்தடித் தண்ணி பழுதாகும் எண்டு சொல்லி எரிச்சாங்க. மாளிகைக்காட்டுக் காக்காட உம்மாவையும் எரிச்சிட்டாங்க. நான் அவர்ட வீட்டுக்குப் போய் இரிந்தன். எங்கட ஆள் ஒருத்தர் சந்தியில வச்சுக் கேட்டார், "என்ன ஜி.எஸ். ஐயா, தொண்ணூற மறந்திட்டீங்களா" எண்டு. நான் மறக்கல்ல. தொண்ணூறில, தமிழ்-முஸ்லிம் கலவரத்தில, எங்கட பக்கமும் செத்திச்சு, அவங்கட பக்கமும் செத்திச்சு, யாரார் செஞ்சது எண்டு எனக்கு உன்ட வயசுக்காரர விட நல்லாத் தெரியும். அதுக்கும் அந்த மனிசிய எரிச்சதுக்கும் என்ன சம்பந்தம்? 2021 பெப்ரவரி 3 பொத்துவில்ல தொடங்கி பொலிகண்டி மட்டும் போன நடை எங்கட ரோட்டால தான் போச்சு, எங்கட காணாமப் போன புள்ளையளுக்கும் காணிக்கும் கேட்டது போல ஜனாசா எரிக்காத எண்டும் கேட்டாங்க, முஸ்லிம் ஆக்களும் வந்து சேந்தாங்க. கால் வருத்தத்தோட நானும் கல்முனை மட்டும் போனன், அம்மா ஏசி ஏசித் தைலம் பூசி விட்டா. அடுத்த மாசம் ஓட்டமாவடியில அடக்க விட்டாங்க. அமைச்சரவை மன்னிப்புக் கேக்க 2024 ஜூலை ஆச்சு. காக்காட உம்மாவுக்கு அது பிந்திப் போச்சு.

கடைசியா அந்த ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசுக்கு வந்த கிழவிட விஷயம். பேர் அடையாள அட்டையில ஒரு மாதிரி, தோட்டத்துப் பதிவில இன்னொரு மாதிரி எண்டு திருப்பி அனுப்பிட்டாங்களாம், நீ "பாவம் அப்பா" எண்டு சொல்லி நிப்பாட்டிட்டாய். நிப்பாட்டாத. பேர எழுதினது கிழவி இல்ல, தோட்டத்துக் கிளாக்கர் தன்ட காதுக்குக் கேட்டபடி எழுதினது, பிழை அவவிட இல்ல. பொம்புளையளுக்கு 50 வயசோட எடுக்கலாம், அவவுக்கு அது தாண்டி எவ்வளவு காலம். அந்த ரெண்டு பெயரும் ஒராளிட தான் எண்டு ஒரு சத்தியக் கடதாசி சமாதான நீதவானிட்ட முடிச்சு, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பழைய சம்பளத் துண்டு, ஈ.பி.எப். அங்கத்துவ அட்டை, அந்த பி கார்ட், இரிந்தா அதுவும், எல்லாத்திலயும் கொப்பி எடுத்து வைக்கச் சொல்லு. தோட்டத்தில இருந்தும் ஒரு உறுதிக் கடிதம் எடு, தர ஏலா எண்டா ஏன் ஏலா எண்டு எழுத்தில கேளு. தொழில் திணைக்களத்துக்குப் பதிவுத் தபால்ல அனுப்பு, துண்ட நீ வச்சிரு, கிழவிட பையில வச்சா மழையில கரைஞ்சிரும். பஸ் காசு நீ குடுக்கிறதெண்டாக் குடு, ஆனா குடுத்தத அவவுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்லாத.

அம்மா கருவாடும் எள்ளுருண்டையும் பார்சல் கட்டி வச்சிருக்கா, உன்ட பக்கம் வாற பொடியன் ஒருவன் வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறான். கருவாட்ட போர்டிங்ல பொரிக்க முதல் சன்னலத் திற, அந்த வீட்டுக்காரம்மா மரக்கறி.

கிழவிட பழைய சம்பளத் துண்டு கிடைச்சா போட்டோ எடுத்து அனுப்பு, சத்தியக் கடதாசியில என்னென்ன வசனம் போட வேணும் எண்டு நான் எழுதித் தாறன்.

அப்பா
காரைதீவு